ஓர் உடம்பு, இரண்டு ஊர்

சென்னையில் ஒரு குற்றம் நடக்கிறது. 'அ' என்பவர் மேல் சந்தேகம். ஆனால் அன்றைக்கு 'அ' இருந்ததோ லடாக்கில். கதை அவ்வளவுதான். பெயர் இல்லை, வசனம் இல்லை, முடிவுகூட இல்லை. இதை எழுதியது எந்தத் துப்பறியும் எழுத்தாளரும் அல்ல, நம் நாடாளுமன்றம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 9ஆம் பிரிவில், படிப்பவருக்கு விளங்கவேண்டுமே என்று கொடுத்திருக்கும் எடுத்துக்காட்டு இது.

1872ஆம் ஆண்டின் பழைய சாட்சியச் சட்டத்திலும் இதே கதை உண்டு. ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் என்ற ஆங்கிலேயர் வரைந்த சட்டம் அது. அதில் குற்றம் நடந்த ஊர் கல்கத்தா, ஆள் இருந்த ஊர் லாகூர். 1947இல் லாகூர் நாட்டைவிட்டுப் போன பிறகும் சட்டப் புத்தகத்தில் இன்னும் 77 ஆண்டுகள் குடியிருந்தது. புதிய சட்டம் வந்தபோதுதான் அதைக் காலி செய்து லடாக்கைக் குடிவைத்தார்கள். கல்கத்தாவின் குற்றம் சென்னைக்கு மாற்றலாகி வந்தது.

'அ' சொல்லும் வாதத்துக்கு உலகின் பல மொழிகளில் ஒரே பெயர்: அலிபி. லத்தீன் மொழியில் இதற்கு 'வேறோர் இடத்தில்' என்று பொருள். தமிழில் 'வேற்றிட வாதம்' என்று சொல்லிக்கொள்ளலாம். குற்றம் நடந்த நேரத்தில் நான் அங்கே இல்லை, வேறிடத்தில் இருந்தேன் என்று காட்டுவதுதான் அது. அதன் அடித்தளம் குழந்தைக்கும் தெரிந்த இயற்பியல்: ஓர் உடம்பு ஒரு நேரத்தில் ஓரிடத்தில்தான் இருக்கும்.

சட்டம் தனக்குச் சுலபமான கணக்கை எடுத்துக்கொண்டது. சென்னையிலிருந்து லே நகரம் காகம் பறக்கும் தூரத்திலேயே சுமார் 2,350 கிலோமீட்டர். லடாக்கில் இருந்தவர் சென்னையில் இல்லை என்று சொல்ல வக்கீலே வேண்டாம். கஷ்டமான கணக்கு நம் மேற்குப் புறநகரில் இருக்கிறது. அம்பத்தூரில் இருந்தவர் ஆவடியில் இருந்திருக்க முடியுமா? ஆவடியில் இருந்தவர் பூந்தமல்லிக்குப் போய்த் திரும்பியிருக்க முடியுமா?

இரண்டு ஆணி, ஒரு நூல்

கணக்குக்காக ஒன்று வைத்துக்கொள்வோம். மாலை 6 மணிக்கு ஒருவரை அம்பத்தூர் ரயில் நிலையத்தில் பார்த்திருக்கிறார்கள். 6.40க்கு அவரையே ஆவடி நிலையத்தில் பார்த்திருக்கிறார்கள். இடைப்பட்ட நேரத்தில் பூந்தமல்லியில் ஒரு கடையின் பூட்டு உடைந்திருக்கிறது. அவரிடம் இருப்பது ஒரு மோட்டார் சைக்கிள். அவர் உடைத்திருக்க முடியுமா?

இதற்கு விடை சொல்ல ஒரு வரைபடம், இரண்டு ஆணி, ஒரு துண்டு நூல் போதும். அந்த நேரத்துப் போக்குவரத்தில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம் என்றால் 40 நிமிடத்தில் அவரால் 20 கிலோமீட்டர் போக முடியும். வரைபடத்தின் அளவில் 20 கிலோமீட்டருக்கு ஒரு நூல் வெட்டி, அதன் ஒரு முனையை அம்பத்தூரிலும் மறுமுனையை ஆவடியிலும் ஆணியடித்துக் கட்டுங்கள். பென்சிலால் நூலை இழுத்துப் பிடித்தபடி சுற்றி வரைந்தால் ஒரு முட்டை வடிவம் கிடைக்கும். பள்ளியில் நீள்வட்டம் என்று படித்தோமே, அதுதான். அந்தக் கோட்டுக்குள் இருக்கும் எந்த இடத்துக்கும் அவர் போய்வந்திருக்கலாம். கோட்டுக்கு வெளியே இருக்கும் எந்த இடத்துக்கும் போயிருக்க முடியாது.

பூந்தமல்லி எங்கே விழுகிறது? நேர்கோட்டில் அளந்தால் அம்பத்தூர், பூந்தமல்லி, ஆவடி என்று போக ஏறக்குறைய பதினேழு, பதினெட்டு கிலோமீட்டர். நூல் எட்டிவிடுகிறது. ஆனால் சாலை நேர்கோடாகவா போகிறது? ஏரியைச் சுற்ற வேண்டும், ரயில்வே கேட்டைத் தாண்ட வேண்டும், திருவேற்காட்டுப் பக்கம் வளைந்து வர வேண்டும். சாலைக் கணக்கில் 22 கிலோமீட்டர் என்று வையுங்கள். நூல் எட்டவில்லை. காகம் பூட்டை உடைத்திருக்கலாம், அந்த ஆள் உடைத்திருக்க முடியாது.

இப்போது வேகத்தை மட்டும் 40 ஆக்குங்கள். நூலின் நீளம் கிட்டத்தட்ட 27 கிலோமீட்டர் ஆகிவிடும். பூந்தமல்லி உள்ளே வந்துவிட்டது. அங்கே நின்று செலவழிக்க ஏழெட்டு நிமிடமும் மிச்சம். ஒரு பூட்டுக்கு ஏழு நிமிடம் போதுமா? வண்டியின் வேகத்தில் வெறும் பத்துக் கிலோமீட்டர் கூடியது. ஓர் ஆளின் கதையே மாறிவிட்டது. இதனால்தான் சட்டமும் ஜாக்கிரதையாகப் பேசுகிறது. அதே 9ஆம் பிரிவின்படி, அங்கே இருந்திருப்பதற்கு 'மிகமிக வாய்ப்புக் குறைவு' என்று காட்டும் தூரமும் நீதிமன்றத்தின் கவனத்துக்கு உரியது. அடியோடு முடியாத காரியம் என்று காட்டினால்தான் காதுகொடுப்போம் என்று அது சொல்லவில்லை.

இந்த நூல் விளையாட்டுக்குப் புவியியலில் பெரிய பெயர் உண்டு. டோர்ஸ்டன் ஹேகர்ஸ்ட்ராண்ட் என்ற சுவீடன் நாட்டுப் புவியியலாளர், மனிதர்களின் அன்றாட நடமாட்டத்தை இடம், நேரம் இரண்டையும் சேர்த்து வரைந்தால் என்ன என்று 1970இல் எழுதினார். அதிலிருந்து வளர்ந்த கருத்துதான் 'கால-வெளிப் பட்டகம்'. ஒருவர் கண்ணில் பட்ட இரண்டு தருணங்களுக்கு நடுவே, அவர் எங்கெல்லாம் இருந்திருக்கலாம் என்பதன் மொத்த எல்லை அது. பேருந்து நிறுத்தம் எங்கே வேண்டும், ரேஷன் கடை யாருக்கு எட்டும் என்று திட்டமிடுகிறவர்களுக்கும் பயன்படும் கணக்கு, குற்றவியலின் மிகப் பழைய கேள்விக்கும் பதில் சொல்கிறது.

கார்டு உள்ளே, ஆள் வெளியே

ஆக, அலிபிக்குத் தேவை ஆணிகள். 'இந்த நேரத்தில் இவர் இங்கே இருந்தார்' என்று அடித்துச் சொல்ல ஒரு சாட்சி. திருவிளையாடற் புராணத்தில் ஒரு பெண்ணுக்குத் திருப்புறம்பியத்தில் நடந்த கல்யாணத்தை மதுரையில் நம்ப மறுக்கிறார்கள். அப்போது அந்தக் கல்யாணத்தைப் பார்த்த வன்னி மரமும் கிணறும் லிங்கமும் மதுரைக்கே வந்து சாட்சி நிற்கின்றன. திருப்புறம்பியத்துச் சுவாமிக்கு இன்றும் சாட்சிநாதர் என்றுதான் பெயர். வாய் இல்லாத பொருள்கள் சாட்சி சொல்வது அன்றைக்கு அற்புதம். இன்றைக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒவ்வொரு ஷிப்டுக்கும் நடக்கிற காரியம்.

1960களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சிறிதும் பெரிதுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகள். பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி ஓட்டமும் நடையுமாகப் போகிறவர்களின் முதல் வேலை, வாசலில் பஞ்ச் செய்வது. அந்தக் காலத்துப் பஞ்ச் மிஷினில் அட்டையை நுழைத்தால் உள்ளே இருக்கும் கடிகாரம் 'டக்' என்று நேரத்தை அச்சடித்துத் தள்ளும். சம்பளம் பிடிக்கவும் ஓ.டி. கணக்குப் போடவும் வந்த இயந்திரம்தான். ஆனால் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் ஓர் ஆணி அடித்துக் கொடுத்தது.

அந்த ஆணி எவ்வளவு உறுதி? 1981இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன ஓர் அலகாபாத் கொலை வழக்கு இதற்கு அருமையான பாடம். குற்றம் சாட்டப்பட்டவர் நைனியில் ஒரு தொலைபேசித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். கொலை நடந்தது காலை 9 மணிக்கு. காலை 8.30க்கு நான் தொழிற்சாலையில் இருந்தேன் என்பது அவர் வாதம். நீதிபதிகள் அந்தச் சாட்சியத்தை அப்படியே ஏற்றுக்கொண்டு பார்த்தார்கள். ஏற்றுக்கொண்ட பிறகும் அவர் தப்பவில்லை. தொழிற்சாலைக்கும் கொலை நடந்த இடத்துக்கும் இடையே அரை மணியில் வந்துவிடும் தூரம்தான். அதைவிட முக்கியமான சங்கதி: அந்தத் தொழிற்சாலையில் உள்ளே நுழையும்போதுதான் கார்டைப் பஞ்ச் செய்ய வேண்டும். வெளியே போகும்போது வேண்டாம். திரும்ப உள்ளே போனால் இரண்டாவது தடவை பஞ்ச் விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். அவர் கைதானது பிற்பகல் 2.30 மணி வாக்கில், தொழிற்சாலைக்கு எதிரே ஒரு பீடாக் கடைப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தபோது.

அந்தத் தீர்ப்பிலிருந்து ஒரு சூட்சுமம் தெரிகிறது. இயந்திரம் பொய் சொல்லவில்லை. அது பார்த்தது ஓர் அட்டையை, ஒரு நொடியில். அந்த நொடிக்குப் பிறகு ஆள் எங்கே போனான் என்று அதற்குத் தெரியாது.

சரி, அட்டைக்குப் பதில் விரலையே வைக்கச் சொன்னால்? இப்போது பெரும்பாலான இடங்களில் அப்படித்தான். விரல் வைக்கும் இயந்திரம் பொதுவாக ரேகையைப் படமாகச் சேர்த்துவைப்பதில்லை. ரேகை எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகக் கிளைக்கிறது என்று சில டஜன் புள்ளிகளை மட்டும் குறித்து, எண்களாக மாற்றி வைத்துக்கொள்கிறது. வானத்தை முழுக்க வரையாமல் நட்சத்திரங்களின் இடத்தை மட்டும் குறிப்பது போல. நண்பன் கார்டை நாம் பஞ்ச் செய்யும் பழைய கள்ளத்தனம் இதனிடம் செல்லாது. ஆனால் இதுவும் ஒரு நொடியின் சாட்சிதான்.

கோபுரம் கேட்கும் சத்தம்

நாள் முழுக்கக் கூடவே வரும் சாட்சி சட்டைப் பையில் இருக்கிறது. செல்போன் பேசும்போது எந்தக் கோபுரத்தின் வழியாகப் பேசியது என்பது நிறுவனத்தின் பதிவில் விழுகிறது. கோபுரங்கள் பெரும்பாலும் தம்மைச் சுற்றியுள்ள பரப்பை மூன்று துண்டுகளாக, ஒவ்வொன்றும் 120 பாகையாக, ஆப்பம் வெட்டியது போல் பிரித்துக்கொள்கின்றன. ஆகவே எந்தக் கோபுரம் என்பதோடு எந்தப் பக்கம் என்பதும் தெரியும்.

இதற்குள் இன்னொரு விந்தை. 2ஜி காலத்தில் எட்டுப் போன்கள் ஒரே அலைவரிசையை முறை வைத்துப் பகிர்ந்துகொண்டன. ஒவ்வொன்றின் முறையும் ஒரு நொடியில் ஆயிரத்தில் அரைப்பங்குக்குச் சற்று அதிகம். தூரத்தில் இருக்கும் போனின் அலை கொஞ்சம் தாமதமாக வந்து அடுத்தவர் முறையில் முட்டிவிடக் கூடாது. அதனால் கோபுரம் ஒவ்வொரு போனிடமும் 'நீ இவ்வளவு முன்னதாகவே பேசத் தொடங்கு' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். எவ்வளவு முன்னதாக என்பதை வைத்தே போன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிடலாம். ஒரு படி என்பது சுமார் 550 மீட்டர். 4ஜியில் அந்தப் படி சுமார் 78 மீட்டராகச் சுருங்கிவிட்டது. ஆளைத் தேடுவதற்காக யாரும் இதைக் கண்டுபிடிக்கவில்லை. பேச்சு முட்டிக்கொள்ளாமல் இருக்கச் செய்த ஏற்பாடு.

ஆனால் நீதிமன்றத்துக்கு வழக்கமாக வரும் அழைப்புப் பட்டியலில் இருப்பது கோபுரமும் பக்கமும்தான். போன் எப்போதும் மிக அருகில் உள்ள கோபுரத்தைத்தான் பிடிக்கும் என்றும் இல்லை. அங்கே கூட்டம் அதிகமாக இருக்கலாம். நடுவில் ஓர் அடுக்குமாடி மறைக்கலாம். ஏரிப் பரப்பின்மேல் தடையில்லாமல் வரும் அக்கரைக் கோபுரத்தின் அலை வலுவாக இருக்கலாம். பட்டியல் காட்டுவது ஒரு வட்டாரத்தை, வீட்டு வாசலை அல்ல. அதுவும் ஆளின் வட்டாரத்தை அல்ல, சிம் கார்டின் வட்டாரத்தை. போனை வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டுக் கிளம்பியவரைக் கோபுரம் வீட்டில்தான் வைத்திருக்கும்.

வானகரம், சூரப்பட்டு சுங்கச்சாவடிகளைத் தாண்டும் காரின் கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக்கைப் பாருங்கள். அதில் பேட்டரியே கிடையாது. மேலே இருக்கும் கருவி வீசும் ரேடியோ அலையிலிருந்தே துளி மின்சாரத்தை உறிஞ்சி விழித்துக்கொண்டு, தன் எண்ணைச் சொல்லிவிட்டு மறுபடி உறங்கிப்போகிறது. கும்பகர்ணனுக்கும் இவ்வளவு சிக்கனம் கிடையாது. ஆனால் அது சொன்னது கார் தாண்டியது என்று. ஓட்டியது அண்ணனா தம்பியா என்று அல்ல.

தாமதமாக ஓடும் கடிகாரம்

சிசிடிவி கேமராவாவது ஆளையே பார்க்கிறதே என்று தோன்றும். பார்க்கிறது, ஆனால் மணி தெரியாமல் பார்க்கக்கூடும். பெரும்பாலான மின்னணுக் கடிகாரங்களுக்குள் நொடிக்கு 32,768 தடவை அதிரும் ஒரு குவார்ட்ஸ் படிகம் உண்டு. வெயிலில் கொஞ்சம் வேகம் மாறும், வயதானால் கொஞ்சம் மாறும். பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகு என்பது சாதாரணப் படிகத்துக்குச் சகஜம். கேட்க ஒன்றுமே இல்லை போலத்தான் இருக்கிறது. நாளுக்கு ஒன்றேமுக்கால் நொடி. ஒரு வருடம் யாரும் திருத்தாமல் விட்டால் பத்து நிமிடத்துக்கு மேல். அம்பத்தூரில் எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறினால் ஆவடி போய்ச் சேர ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் ஆகும்! மளிகைக் கடை வாசலில் மாட்டி மறந்துபோன கேமரா, ஒருவரை ஓர் ஊரே தள்ளி நிறுத்திவிடும். அதனால்தான் விவரம் தெரிந்த புலனாய்வாளர் பதிவை எடுக்கும்போதே தன் போனில் மணி பார்த்து, கேமரா எவ்வளவு முன்பின்னாக ஓடுகிறது என்று எழுதிவைப்பார்.

எடுத்த பதிவை நடுவில் யாரும் மாற்றவில்லை என்பதற்கு என்ன உத்தரவாதம்? புதிய சட்டத்தின் 63ஆம் பிரிவு மின்னணுச் சாட்சியத்தோடு ஒரு சான்றிதழ் கேட்கிறது. அந்தச் சான்றிதழில் 'ஹாஷ்' மதிப்பை எழுத ஓர் இடம் இருக்கிறது. ஹாஷ் என்பது ஒரு கோப்பு முழுவதையும் அரைத்துப் பிழிந்தெடுத்த எண். எஸ்எச்ஏ-256 என்ற முறையில் மூன்று மணி நேர வீடியோவாக இருந்தாலும் மூன்று வரிக் கடிதமாக இருந்தாலும் பிழிந்தால் கிடைப்பது 64 எழுத்துகள்தான். வீடியோவின் ஒரே ஒரு புள்ளியில் நிறம் துளி மாறினாலும் அந்த 64 எழுத்துகளும் அடையாளம் தெரியாமல் மாறிப்போகும். ரசத்தில் ஒரு மிளகு கூடுதலாக விழுந்ததை வாசனையிலேயே சொல்லிவிடும் பாட்டி போல.

கண் இருக்கிறது, தேதி இல்லை

அட்டை, சிம், கார், படம். இயந்திரச் சாட்சிகளில் பெரும்பாலானவை பார்ப்பது நம்மோடு ஒட்டிவரும் ஏதோ ஒரு பொருளை. ஆளை ஆளாகப் பார்த்து, 'இவர்தான், எனக்குத் தெரியும்' என்று சொல்ல மனிதக் கண் வேண்டும். அந்தக் கண்ணுக்கோ தேதி தெரியாது. போன மாதம் 14ஆம் தேதி மாலை ஐந்து மணிக்கு எங்கே இருந்தீர்கள்? காலண்டரையும் போனையும் தொடாமல் சொல்லிப் பாருங்கள். குற்றம் செய்யாதவருக்கு அந்த மாலை எல்லா மாலையையும் போல ஒன்று. நினைவில் வைத்திருக்கக் காரணமே இல்லை. பதில் தயாராக வைத்திருப்பவர்தான் சந்தேகத்துக்கு உரியவர் என்பது அலிபியின் வினோதமான முரண்.

இந்த ஓட்டையில்தான் 'பாபநாசம்' படத்தின் சுயம்புலிங்கம் குடியேறினார். ஜீத்து ஜோசப் மலையாளத்தில் 2013இல் 'த்ரிஷ்யம்' என்று எடுத்து, 2015இல் கமல்ஹாசனை வைத்துத் தமிழில் மறுபடி எடுத்த கதை. கேபிள் டிவி நடத்தும் அந்த மனிதர் யாருக்கும் காசு கொடுத்துப் பொய்ச்சாட்சி தயாரிக்கவில்லை. தான் உண்மையிலேயே போய்வந்த பயணத்தை, பார்த்தவர்களின் நினைவில் வேறு தேதிக்கு நகர்த்திவைக்கிறார், அவ்வளவுதான். கண்டக்டரும் ஓட்டல்காரரும் மனதார உண்மை சொல்கிறார்கள். தேதி மட்டும் அவர்களுடையது அல்ல. ஆணியைப் பிடுங்காமல் சுவரையே நகர்த்துகிற வேலை. 2019இல் வந்த 'தடம்' வேறு வழியில் போனது. மகிழ் திருமேனி இயக்கிய அந்தப் படத்தில் அருண் விஜய் ஒரே அச்சில் வார்த்த இரட்டையர். 'ஓர் உடம்பு ஓர் இடம்' என்ற விதியை முறிக்காமலே அது குழப்பிவிடுகிறது.

யார் சொன்னால் நம்புகிறோம் என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். எலிசபெத் ஓல்சன், கேரி வெல்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2004இல் அலிபிகளைத் தரம் பிரித்தார்கள். பொருள் சாட்சி ஒரு பக்கம், ஆள் சாட்சி ஒரு பக்கம். ஆள் சாட்சியிலும் அறிமுகமில்லாத ஒருவர் சொன்னால் நம்புகிற மனம், சொந்தக்காரர் சொன்னால் தயங்குகிறது. ராத்திரி ஒன்பது மணிக்கு நாம் எங்கே இருந்தோம் என்று அம்மாவைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? ஆனால் அம்மா சொன்னால் எடுபடாது. எதிர்வீட்டுக்குப் பார்சல் கொண்டுவந்த பையன் சொன்னால் எடுபடும். நைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கும் ஒரு வார்த்தை சொல்லிவைத்தது: குற்றம் சாட்டப்பட்டவர் தரப்புச் சாட்சிகளையும் அரசுத் தரப்புச் சாட்சிகளுக்குச் சமமாகவே எடைபோட வேண்டும்.

எல்லாம் ஒன்றுசேர்ந்து ஒருவரைக் காப்பாற்றிய கதையும் உண்டு. 2003இல் லாஸ் ஏஞ்சலஸில் கொலைக் குற்றச்சாட்டில் ஒருவரைப் பிடித்தார்கள். அன்று இரவு மகளோடு பேஸ்பால் மேட்ச் பார்க்கப் போயிருந்தேன் என்றார் அவர். ஐம்பதாயிரம் பேர் அமரும் மைதானத்தில் அவரை யார் பார்த்திருப்பார்கள்? அதே இரவில் அதே மைதானத்தில் ஒரு தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரின் படப்பிடிப்பு நடந்திருந்தது. ஒளிபரப்பாமல் ஒதுக்கிய காட்சிகளை வக்கீல் ஓட்டிப் பார்த்தபோது, தின்பண்டம் வாங்கிக்கொண்டு இருக்கைக்குத் திரும்பும் அவர் ஓரத்தில் தெரிந்தார். அதுவும் போதவில்லை, கொலை நடந்தது அதற்கும் பிறகு. கொலைக்குச் சற்று முன் அவர் போன் மைதானத்துப் பக்கக் கோபுரத்தைத் தொட்டிருந்த பதிவு மீதியை நிரப்பியது. ஐந்து மாதத்துக்கு மேல் சிறையில் இருந்தவர் வெளியே வந்தார். ஒரு சாட்சி ஆளைப் பார்த்தது, இன்னொன்று நேரத்தைப் பார்த்தது. இரண்டையும் சேர்த்துத் தைத்த பிறகே அலிபி ஆனது.

கேமரா எதிர்த்திசையிலும் பேசும். 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியைக் கொன்ற குண்டுவெடிப்பில் ஹரிபாபு என்ற புகைப்படக்காரரும் இறந்தார். அவர் கேமரா தப்பியது. அதிலிருந்த பத்துப் படங்கள், யார் யார் அங்கே இருந்தார்கள் என்று புலனாய்வுக்கு முதல் வழி காட்டின. அந்த வழக்கு நடந்து, 1998 ஜனவரியில் 26 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது பூந்தமல்லி தனி நீதிமன்றத்தில். 'அங்கே இல்லை' என்பதற்கு எவ்வளவு சாட்சி வேண்டுமோ, 'அங்கே இருந்தார்' என்பதற்கும் அவ்வளவு வேண்டும்.

இருந்தார் என்பதாலேயே செய்தார் என்றும் ஆகாது. பனைமரத்தடியில் நின்று பால் குடித்தாலும் கள் என்பார்கள் என்ற பழமொழி, இடமே குற்றம் சாட்டிவிடும் என்று எச்சரிக்கிறது. சட்டம் அந்தப் பக்கமும் ஒரு தாழ்ப்பாள் போட்டிருக்கிறது. வேறிடத்தில் இருந்தேன் என்று சொன்னால் அதை நிரூபிக்கும் பொறுப்பு சொன்னவருக்கு. ஆனால் அவர் நிரூபிக்கத் தவறியதை மட்டும் வைத்துத் தண்டித்துவிட முடியாது. குற்றத்தை நிரூபிக்க வேண்டிய முதல் சுமை அரசுத் தரப்பின் தோளில்தான் கடைசிவரை இருக்கும்.

எங்க இருக்கே?

ஆங்கிலத்தில் இந்தச் சொல் நீதிமன்றத்தைவிட்டு இறங்கி, இருபதாம் நூற்றாண்டில் தெருவுக்கு வந்து, வெறும் 'சாக்கு' என்ற பொருளையும் எடுத்துக்கொண்டது. நாம் சொல்லை வாங்காமலே பழக்கத்தை வாங்கிக்கொண்டோம். லேண்ட்லைன் இருந்தவரை போனில் முதல் கேள்வி 'யாரு பேசறது?'. இடம் தெரியும், ஆள்தான் தெரியாது. செல்போன் அதைத் தலைகீழாக்கிவிட்டது. யார் என்று திரையிலேயே தெரிகிறது, 'எங்க இருக்கே?' என்பதே முதல் கேள்வி. வீட்டில் லுங்கியோடு உட்கார்ந்துகொண்டு 'எஸ்டேட் பஸ் ஸ்டாண்ட் தாண்டிட்டேன், வந்துட்டே இருக்கேன்' என்கிறோம். நாளுக்கு நாலு அலிபி, சாட்சியில்லாமல். 'லைவ் லொகேஷன் அனுப்பு' என்று பதில் வந்தால் மட்டும்தான் தொண்டை அடைக்கிறது.

இத்தனை கோபுரமும் கேமராவும் இல்லாத காலத்தில், நம் இலக்கியத்திலேயே மிக வலுவான அலிபி ஒருவனிடம் இருந்தது. கோவலன். பாண்டிமாதேவியின் சிலம்பைப் பொற்கொல்லன் திருடியபோது கோவலன் மதுரையிலேயே இல்லை. புகாரிலிருந்து மனைவியோடு நடந்து, அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தான். வழியெல்லாம் கூட வந்த கவுந்தியடிகள் சாட்சி. வீடு கொடுத்த மாதரி சாட்சி. ஒருவர் துறவி, ஒருவர் அறிமுகமே இல்லாதவர். ஓல்சனும் வெல்ஸும் பார்த்தால் முதல் தரம் என்பார்கள். கண்ணகி பின்னால் சிலம்பை உடைத்து, முத்தல்ல மாணிக்கம் என்று பொருள் சாட்சியால் வழக்கை வென்றாள். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அதற்கு முன்னால் கோவலனிடம் ஒரே ஒரு கேள்வி போதுமாக இருந்தது: 'இந்த ஊருக்கு நீ என்றைக்கு வந்தாய்?' மாதரியின் வீடு நடந்து போகும் தூரத்தில்தான் இருந்தது.